முதல் கேள்வி

"மாரிண்ணா, தாம்பரம் வட்டாரத்துலயே துக்கத்த ஜெயிச்ச ஒரே ஆளு நான்தான்" என்று ஐஸ் பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்தபடி பென்னி முழுத் தீவிரத்தோடு அறிவித்தான். "அழுகைங்கறது வேற வேலையில்லாதவங்க பண்றது."

பெட்டியைக் கொண்டுவந்த மாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெயிச்சது கெடக்கட்டும் தம்பி. மிக்ஸி பிளக்குல போயி சொருவுறியே, இன்னா? டீவி ஒயர புடுங்கிட்டு அதுல போடு. அத்தைக்கு வேர்க்கப் போவுது."

பென்னி அப்படியே செய்தான். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்குள் பேபி அத்தை, கோயிலுக்குக் கட்டும் ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் கிடந்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவேயில்லை.

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தே காலத்தை ஓட்டியவள் அத்தை. கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாகவே ஊரைப் பார்த்துச் சலித்துப்போய், ஓய்வு பெற்றதும் மாடியைத் திறந்துவிட்டாள். வந்து சேர்ந்தவர்கள் நிஷாவும் ஜெரோமும். மனசு சரியில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்காக 'பக்கத்துல' என்று ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். வாடகை கிடையாது. முதலீட்டாளர்கள் எப்போதாவது வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்; அத்தை தினமும் ரசம் வைத்தாள்.

சனிக்கிழமைகளில் பொத்தேரி கல்லூரி விடுதிகளிலிருந்து பிள்ளைகள் அந்த ஆப்பைச் சோதித்துப் பார்க்க வருவார்கள். 'உங்கள் மனநிலையை ஒன்று முதல் பத்துக்குள் குறிப்பிடவும்' என்று திரை கேட்டால், எல்லாரும் ஒழுங்காக எட்டு போட்டார்கள். இறங்கும்போது மாடிப்படியில் அத்தை தட்டோடு நின்று "சாப்டியா?" என்பாள். எட்டு போட்டவர்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். மேலே நின்று இதைச் சில வாரம் பார்த்த நிஷா, ஆப்பின் முதல் கேள்வியையே மாற்றிவிட்டாள்.

பென்னிக்கு அது விருந்து. 'கவலை பிரைவேட் லிமிடெட்' என்ற தன் மீம் பக்கத்தில் போட்டான்: 'இரண்டு இன்ஜினியர்கள், ஓயாத ஆராய்ச்சி, உலகை உலுக்கும் கண்டுபிடிப்பு: சாப்டியா? அடுத்த வெர்ஷனில்: ஏன் இளைச்சுட்ட?'

அதற்கு அதிகம் சிரித்தவள் அத்தைதான். சர்ச் பெண்கள் குரூப்பில் அவளே பகிர்ந்தாள். பிறகு அவன் போனைப் பிடுங்கி ஆப்பை ஏற்றியும் கொடுத்தாள். அது தினமும் கேட்கும். அவனும் தினமும் 'அப்புறம்' என்பதை அழுத்திவிடுவான்.

"பென்னி," அப்பா யேசுதாசன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் மேல இருக்கறவங்கள காலி பண்ணச் சொல்லிடு. அக்காவே போயாச்சு, இனிமே யாரு பாத்துக்கறது? நீயே சொல்லு. உனக்குத்தான் அவங்கள ஆகாதே."

"சரிப்பா."

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுக் கைகழுவும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் ரேஷ்மா, பொத்தேரியில் படிப்பதாகச் சொன்னாள்.

"நீங்க பேபி ஆன்ட்டிக்கு...?"

"தம்பி பையன்."

"போன வருஷம் நான் ரூம விட்டே வெளிய வரல. அந்த ஆப் மட்டும் சாப்டியான்னு கேட்டுட்டே இருந்துச்சு. ஒரு நாள் இல்லன்னு போட்டேன். சரி, மொதல்ல ஒரு பிஸ்கட் சாப்புடு, நான் பக்கத்துலதான் இருக்கேன்னு வந்துச்சு. டாக்டர்கிட்ட போக வழியும் அதுலதான் தெரிஞ்சுது. போனேன். அது யாரு கேட்ட கேள்வின்னு நிஷாக்கா அப்புறமா சொன்னாங்க. தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. உங்ககிட்ட சொல்லிக்கறேன்."

பென்னி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை காய்ந்த பிறகும் துடைத்தான்.

சாயங்காலம் மாடி ஏறினான். ஒயர்களைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும் பென்னி," என்றாள் நிஷா. "மேடவாக்கத்துல ஃப்ரெண்டு வீட்டுல சாமான வச்சுட்டு, ஆளுக்கொரு வேலை தேடிக்கலாம்னு இருக்கோம்."

"மீம் போட்ரு மச்சான்," என்றான் ஜெரோம். "கடைசி எபிசோடு."

பென்னி வாயைத் திறந்தான்.

"சாப்டீங்களா?"

கிண்டலின் அடுத்த வரிக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவன் கீழே போய், பக்கத்து வீட்டு ஷீலா அக்கா கொடுத்தனுப்பிய சோற்றையும் தட்டுகளையும் எடுத்துவந்து நடுப்படியில் வைத்தான்.

"சொல்லிட்டியாடா?" கீழிருந்து அப்பாவின் குரல்.

"சொல்லிட்டேன்ப்பா. இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

கீழே அடுப்பு பற்றவைக்கும் ஓசை. அதன்பின் படியேறும் செருப்பொலி. அப்பா சூடாக்கிய ரசப் பாத்திரத்தை அவர்கள் அருகில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பிரிட்ஜில் இருந்த முந்தாநாள் ரசம். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

பென்னியின் பையில் போன் அதிர்ந்தது: 'சாப்டியா?' 'அப்புறம்' மேல் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. பிறகு நகர்ந்து, 'இன்னும் இல்ல' என்பதை அழுத்தியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மிளகு ஜாஸ்தி," என்றான், யாரும் கேட்காமலே.