இடது பக்கம் இழுக்கிற வண்டி

அப்பாவின் போன் வாட்ச்மேனின் மரப்பெட்டிக்குள்ளேயே அடித்தது.

செல்வக்குமார் தன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் நுழைகிறவர்கள் போட்டுவிட்டுப் போன போன்களுக்கும் தீப்பெட்டிகளுக்கும் நடுவில் அந்தப் பட்டன் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. சாவிகள் இருந்த பக்கம் பாதி காலி.

“அதை எதுக்குலே போட்டு அடிக்க? உங்கப்பா போனை எடுக்காமலே போயிட்டாகள்ல” என்றார் வாட்ச்மேன் பலவேசம்.

“யாரு வண்டியில போனாக?”

“சின்ன முதலாளி வண்டியில. மணிகண்டராஜ் தம்பியே ‘ஏறுங்கண்ணே’ன்னு ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. என்னலே, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

செல்வக்குமார் அம்மாவை அப்போது நினைக்கவில்லை. சின்ன முதலாளியின் வண்டியில் முன் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. பிடிக்கப் பிடிக்கக் கசிந்து, நாலைந்து கிலோமீட்டருக்குள் பிரேக் பிடிக்காமலே போய்விடும். மத்தியானம் பலவேசம் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் அந்த வேலையைச் செய்தவன் அவன்தான்.

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தான். மணிகண்டராஜ் ஐந்து மணிக்குக் கிளம்புவான், தனியாகத்தான் போவான், கருவேலங்காட்டு வளைவை வேகமாகத்தான் ஒடிப்பான். அவன் அக்கா பானுப்பிரியா விழுந்த அதே வளைவு. ஒன்றை மட்டும் மறந்துபோனான். வெடிச்சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் யார் வண்டி என்று பார்ப்பதில்லை. கைக்கு வந்த சாவியை எடுத்து, பக்கத்தில் நிற்கிறவரை ஏற்றிக்கொண்டு, புகை தெரிகிற திசைக்குப் போய்விடுவார்கள். கால்மணி நேரத்துக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் சத்தம் கேட்டது. அம்மா கருப்பம்மாள் வேலை பார்க்கும் கம்பெனி அங்கேதான். கடைசி ஷெட்டில் இருந்த செல்வக்குமார் வாசல் கேட்டுக்கு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

அவன் தன் வண்டியை எடுத்தான்.

சின்ன ஸ்போர்ட்ஸ் பைக். மணிகண்டராஜ் புதுசு வாங்கியபோது கழித்துவிட்ட பழசு. லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவனுக்கு, குனிந்து படுத்து ஓட்டுகிற அந்த வண்டியில் உட்கார்ந்ததே பெரிய கௌரவமாக இருந்தது. போர்மேன் கருப்பணன்தான் பேசி முடித்தார். பத்து நாள் தன் வீட்டில் வைத்திருந்து, துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். “முதலாளி வீட்டு வண்டிலே. ஒரு கீறல் கிடையாது.”

முதல் நாளிலிருந்தே வண்டி இடது பக்கம் இழுத்தது. தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். பதினோராம் நாள் அக்காவைப் பின்னால் வைத்துப் போகும்போது அந்த வளைவில் வண்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். இனி திரி முறுக்க அந்தக் கை ஆகாது என்று டாக்டர் சொன்னார். மெக்கானிக் ஸ்டிக்கரை உரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, எப்போதோ பலமாக அடிபட்ட வண்டி. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் கோணலாகியிருந்தது.

முதலாளி மகனிடம் நேராகப் போய்க் கேட்கிற வழக்கம் அந்தக் கம்பெனியில் கிடையாது. எதுவானாலும் போர்மேன் வழியாகத்தான் போகும், பதிலும் அவர் வழியாகத்தான் வரும். வந்தது.

“‘ஓட்டத் தெரியாத பயலுக்கு எதுக்கு இந்த வண்டி’ன்னு சிரிச்சாருலே” என்றார் கருப்பணன்.

அந்தச் சிரிப்பைச் செல்வக்குமார் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் கேட்டான். அக்கா இடது கையால் சோற்றைப் பிசையும்போதெல்லாம் கேட்டான். மணிகண்டராஜ் கையும் உடையணும், அதே கை உடையணும் என்று சொல்லிக்கொண்டே தூங்கினான்.

இப்போது ஹேண்டிலை வலது பக்கமே அழுத்திப் பிடித்துக்கொண்டு பறந்தான். அக்கா விழுந்த நாளிலிருந்து நாற்பதைத் தாண்டாதவன் எண்பதில் போனான். அப்பா மட்டும் இறங்கியிருக்கணும். அவன் சாகட்டும், அப்பா இறங்கியிருக்கணும்.

வளைவில் புது வண்டி கருவேல முள்ளுக்குள் தலைகுப்புறக் கிடந்தது.

அப்பா சீனிச்சாமி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அவர் மடியில் மணிகண்டராஜின் வலது கை. மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பி இருந்தது.

செல்வக்குமாரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தித்தித்தது. அதே கை. அந்தத் தித்திப்பு அடங்குவதற்குள் அப்பா பேசினார்.

“எதுக்க ஆம்புலன்ஸ் வந்துச்சுலே. பிரேக் பிடிக்கல. ‘குதிங்கண்ணே’ன்னு என்னையத் தள்ளிவிட்டுட்டு, இந்தப் பிள்ள முள்ளுக்குள்ள விட்டுருச்சு. அம்மா என்னாச்சு?”

அந்த நேரம் பார்த்து அக்கா போனில் வந்தாள். வெடித்தது அம்மா கம்பெனி இல்லை. அதற்கு அடுத்த கம்பெனியில், ஆள் இல்லாத, பட்டாசு காயப்போடும் மேடை. அம்மா பக்கத்து ஊரில் யாருடைய போனிலிருந்தோ பேசிவிட்டாள். அப்பா அதைக் கேட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலே. நான் வேற வண்டி புடிச்சு வாறேன்.”

மணிகண்டராஜ் அவன் பின்னால் ஏறினான். இடது கையால் செல்வக்குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டான். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. செல்வக்குமார் வேண்டுமென்றே இரண்டு குழியில் இறக்கினான். மூன்றாவதில் இறக்க மனம் வரவில்லை.

அணைக்கட்டுத் திருப்பம் தாண்டியதும் மணிகண்டராஜ் முனகலை நிறுத்தினான்.

“ஏலே, இது என்ன இந்த இழுப்பு இழுக்கு?”

செல்வக்குமார் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தான்.

“நான் குடுக்கும்போது நூல் பிடிச்ச மாதிரி போச்சுலே. இது அடிபட்ட வண்டி. எங்கன விட்ட?”

“நான் விடல. வரும்போதே அப்படித்தான் வந்துச்சு.”

“கருப்பணன்ட்ட இருந்தா?”

“ம்.”

“உங்க அக்கா விழுந்தது இதனாலதானா?” தோளில் இருந்த பிடி தளர்ந்தது. “நீ ஓட்டத் தெரியாம விட்டுட்டன்னுல்ல அவர் சொன்னார். நான் உன்னையத் திட்டக்கூட இல்லையே.”

பொய் சொல்கிறானா என்று பார்க்கக் கண்ணாடியைத் திருப்பினான் செல்வக்குமார். வலியில் சுருங்கிய முகம் மட்டுமே தெரிந்தது. சிரிப்பு எப்படி இருக்கும் என்று அதில் தேடினான். வண்டி இடது பக்கம் இழுத்தது. மறுபடி வலது பக்கம் அழுத்தினான்.

மணிகண்டராஜ் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டான்.

“இத்தன நாளா தெனமும் என் எதுக்கதானே போன வந்த. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லலே?”