நீலப் புடவை மாதா

1

இந்தக் கதை எனக்கு இராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு தையல் கடையில் கிடைத்தது. ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே மெர்லின் சொன்னாள். நான் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றதால் குறிப்பெடுக்க முடியவில்லை. ஆகவே பாதி அவளுடையது, மறந்துபோன பாதி என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கீழ்வானம் வெளுக்கையில், காவி உடுத்திய பக்தர்களின் ஜெபம் உப்பளங்களின் மேல் மெல்லிய...'

வேண்டாம். மெர்லின் சொன்னது வேறு. "எயுந்தோம், பல்லுகூட வெளக்காம கெளம்பிட்டோம்."

2

ஆகஸ்டு பிறந்தால் இராயபுரத்துப் பெண்கள் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள். மாதா சிலையை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்து, பூ சுற்றி, கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். புறப்பட்ட மாதா திரும்பக் கூடாது, மோட்டார் வண்டியிலும் ஏறக் கூடாது. (எந்தப் பாதிரியாரும் போட்ட சட்டமல்ல, அவர்களே போட்டுக்கொண்டது.) மூட்டையும் அடுப்பும் மட்டும் அமான் ஓட்டும் குட்டியானை மினி லாரியில் வரும்.

மெர்லினும் இசக்கியம்மாளும் பல வருடங்கள் ஒரே வண்டியைத் தள்ளியவர்கள். போன வருடம் முட்டி வலி தாங்காமல் இசக்கி கொஞ்ச தூரம் குட்டியானையில் ஏறிவிட்டாள். "நடக்க முடியாதவ எதுக்குடி காவி கட்ற?" என்று எல்லோர் முன்னாலும் மெர்லின் கேட்டாள். இனி ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று இருவரும் மாதா மேல் ஆணையிட்டார்கள். இந்த வருடம் இசக்கி தனிக் கூட்டம் சேர்த்துவிட்டாள். தனி வண்டி, தனி மாதா.

3

மரக்காணத்துக்கு முந்தைய ஊரில் இரண்டு கூட்டமும் ஒரே கோயிலில் தங்க நேர்ந்தது. மழைக்குப் பயந்து, இரண்டு சிலைகளுக்கும் பிளாஸ்டிக் சுற்றி உள்ளே வைத்திருந்தார்கள். விடியலில் மின்சாரம் இல்லை. மெர்லின் கூட்டம் கைக்குக் கிடைத்த மாதாவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியது. வெயில் ஏறி, உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தபோதுதான் பிளாஸ்டிக்கைப் பிரித்தார்கள்.

"யக்கா, நம்ம மாதா ரோஸ் பொடவ தானே?" என்றாள் கூட்டத்தின் வாயாடி பூவம்மா.

"ஆமா. நாந்தானே தச்சேன். ஏன்?"

"நைட்டோட நைட்டா நீலத்துக்கு மாத்திக்கினாங்க போல."

அமான் வண்டியை ஓரங்கட்டினான். "இதுக்கு இன்னாக்கா பேஜாரு? என் வண்டில ஏத்து, மாத்திக்கினு வந்துர்றேன்."

"மாதாவ டீசல் வண்டில ஏத்துவியா நைனா?"

"அப்ப தள்ளிகினே திரும்பிப் போங்க."

"திரும்பக் கூடாதுடா."

"எல்லாம் ஒரே மாதா தானேக்கா," என்றாள் பூவம்மா. "இதையே தள்ளிகினு போலாம்."

"மாதா ஒண்ணுதான்டி. வேண்டுதல் வேற. அவ வேண்டுதல நான் கொண்டுபோய் எறக்க முடியுமா?"

"அப்ப குந்து. அவளே வருவா," என்றாள் பூவம்மா.

குந்தினார்கள்.

4

இங்கே எனக்கொரு சிக்கல். இசக்கியம்மாளை நான் பார்த்ததில்லை. மெர்லின் கடைசிவரை 'அவ' என்றுதான் சொன்னாள். பெயர் நான் வைத்தது. (இராயபுரத்தில் ஏது இசக்கி என்று கேட்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அதுவும் நான் வைத்ததுதான்.) கோபக்காரியாக எழுதினால் கதை சுலபமாக நகரும். ஆனால் பெயரைச் சொல்ல மறுக்கிற ஒருத்தி, மற்றவளுக்கு மோரில் உப்பு எவ்வளவு வேண்டும் என்பதுவரை சொல்கிறாள். வெறுப்புக்கு இவ்வளவு ஞாபகம் எதற்கு?

'அவ' என்னும்போதெல்லாம் என்மேல் இருந்த அளவு நாடா தளர்ந்தது. (பொய். இறுகியது. ரவிக்கை இன்றும் பிடிக்கிறது.)

5

முதல் முடிவு: இருவரும் கட்டிப்பிடித்து அழு...

இரண்டாம் முடிவு: ஒரு வார்த்தையும் இல்லாமல் மாதாவை மாற்றிக்கொண்டு...

இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இது.

உப்பளச் சாலையில் ரோஸ் புடவை தெரிந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து இசக்கி தன் கூட்டத்தோடு வண்டியைத் தள்ளிவந்தாள். நேராக நீலப் புடவை மாதாவின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னா மாதா, என்ன உட்டுட்டு ஓடியாந்துட்ட? கூட்டியாந்தவ மோர் கீர் குடுத்தாளா?"

மெர்லின் எழுந்து ரோஸ் புடவை மாதாவிடம் போனாள். "வெயில்ல வந்துகீற மாதா. முட்டி எப்பிடி கீது?"

"முட்டி பரவால்ல," என்று இசக்கி நீலப் புடவையிடம் சொன்னாள். "போன வருசம் கேட்ட பேச்சுதான் இன்னும் வலிக்குது."

"பேசுனவளுக்கும் வலிக்குதுன்னு சொல்லு மாதா," என்றாள் மெர்லின், ரோஸ் புடவையிடம்.

ஆணை மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அமான் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

6

சிலைகளை மாற்ற வேண்டும். கனம், ஒருத்தியால் தூக்க முடியாது. மற்றப் பெண்கள் எங்கே என்று கேட்டேன். "கில்லாடிங்க! ஒருத்தி பாக்கி இல்லாம தண்ணி குடிக்கப் போய்ட்டாளுங்க. அமானு டயர உட்டு எயுந்திரிக்கவே இல்ல."

மெர்லின் நீலப் புடவை மாதாவின் பாதத்தைப் பிடித்தாள். இசக்கி யாரும் சொல்லாமல் தோள்பக்கம் வந்து பிடித்தாள். முன்பெல்லாம் அப்படித்தான் பிடிப்பார்களாம். ஒன்றாகத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதா சாய்ந்துவிடுவாள். அதற்கு யாராவது ஒருத்தி மற்றவளைப் பார்த்து 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லியாக வேண்டும்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

மெர்லின் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, கையை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவ்வளவுதான்.

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எண்ணுவது என் குரலாகவே கேட்கிறது. ஆகவே பேனாவை மூடுகிறேன். இருவரும் குனிந்தபடி நிற்கிறார்கள், வெயில் சுடுகிறது. யாருடைய குரல் என்று நீங்களே பார்த்து, சீக்கிரம் எண்ணுங்கள். ஒருத்திக்கு முட்டி வலி.