கழுவி வைத்த கிணறு

அந்தப் பெட்ரோல் பங்க் மேனேஜருக்குச் சுத்தம் என்றால் உயிர். நிலத்தடி நீர்ச் சோதனைக்காக எங்கள் ஆபீஸ் இறக்கியிருக்கும் கையகலக் குழாய்க்கிணற்றின் மூடியைக்கூடத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். பூமிக்குள் புதைத்திருக்கும் டேங்க் கசிந்தால் முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போய்த் தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் சுத்தம் என்றே ரிப்போர்ட் வந்தது.

பங்க்கின் பின்சுவரை ஒட்டித்தான் என் அண்ணன் வீடு. குடிப்பது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அண்ணி, "தண்ணியில என்னமோ நாத்தம் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மசக்கையில் எல்லாமேதான் நாறும் என்று அண்ணன் கேலி செய்தான். நான் ஒரு படி மேலே போய், ரிப்போர்ட்டைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

இந்த முறை வேறோர் இடத்தில் வேலை சீக்கிரம் முடிந்ததால், போன்கூடப் பண்ணாமல் ஒரு நாள் முன்னதாகவே பங்க்குக்குப் போனேன். என்னைக் கண்டதும் மேனேஜர் முகம் தொங்கிப்போனது. கிணற்று மூடியைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. மாதிரிக் குழலை இறக்கித் தூக்கினால், தண்ணீருக்கு மேலே விரல்கடை அளவு பெட்ரோல் மிதக்கிறது.

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றார் அவர், கையைப் பிசைந்துகொண்டு. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழுவி வச்சிருப்பேனே."

"எதைக் கழுவி?"

"இந்தக் கிணத்தைத்தான். நீங்க வர்றீங்கன்னா முந்தின நாளே ஹோஸை உள்ள விட்டுடுவேன். விடிய விடிய ஓடும். வாசனையே இருக்காது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? நாலு பேர் வந்து பார்க்கிற இடம். அழுக்கா கிடந்தா எங்களைப் பத்தி என்ன நினைப்பீங்க?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திருட்டு முழி முழித்தாலாவது சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இந்த மனிதர் பாராட்டை எதிர்பார்த்தல்லவா நிற்கிறார்! கொஞ்சம் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் நான் மாதிரி எடுப்பேன். ராத்திரி பூராவும் ஊற்றிய தண்ணீர் அதில் தீர்ந்துவிடுமா? இத்தனை நாளும் மெனக்கெட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, லேபுக்கு நான் சுமந்ததெல்லாம் இவர் ஊற்றிய குழாய்த் தண்ணீர்.

"விற்பனையை நிறுத்துங்க. நான் ஆபீசுக்குச் சொல்றேன்," என்று கத்திவிட்டு, போனை எடுத்துச் சொல்லிக்கொண்டே பின்தெருவுக்கு ஓடினேன். கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

கதவைத் திறந்த அண்ணிக்கு இப்போது ஏழு மாதம். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். இனி அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், இன்றைக்கே டாக்டரைப் பார்ப்போம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நிறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொன்னாங்க," என்றார். "எனக்குத் தொண்டையில இறங்கவே இல்ல. நீ பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, தினமும் மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிச்சேன்."