பின்கதவு வழி

மேஸ்திரி இருமினால் மணி ஒன்று ஆகப்போகிறது என்று அர்த்தம். சளியெல்லாம் ஒன்றும் கிடையாது. இருமிவிட்டு, யாரையும் பார்க்காமல், சலவைக்கூடத்தின் பின்பக்கம் அழுக்குத்துணி வண்டிகள் நிற்கும் மூலைக்குப் போவார். அங்கே இருக்கும் சின்னக் கதவின் பூட்டைத் திறந்து கொக்கியில் தொங்கவிட்டு, வேறு ஏதோ வேலையாக வந்தவர் போலத் திரும்பிவிடுவார். மடிப்பு மேசையில் நிற்கும் அவள் கையிலிருக்கும் விரிப்பை முடித்து அடுக்கில் வைத்துவிட்டு நழுவுவாள். கதவைத் தாண்டினால் அடுத்த தெரு வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரை மறுபக்கம் புரட்டி, முதுகைத் துடைத்து, நாலு வாய் ஊட்டிவிட்டு, மூச்சு வாங்க ஓடி வருவாள். அதுவரை எதிர்முனை பிடிக்கும் பெண் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருப்பாள். மருத்துவமனை விரிப்புகள் ஆளுயரத்தைவிட நீளம், ஒருத்தியாக மடிக்க முடியாது.

புரட்டாவிட்டால் புண் வரும். ஒரு தடவை வந்து, அது ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் அவள் யோசிக்காமல் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வாள். மேஸ்திரி அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவளும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அது ஒரு விஷயமாகிவிடும். விஷயமானால் மாடியில் இருக்கும் மேனேஜர் காதுக்குப் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் சங்கம் வந்தது. துவைக்கிற பக்கத்தில் வேலை செய்யும் ஒருத்தி, வாய்ப்பேச்சில் யாரையும் மடக்கிவிடுவதால் 'வக்கீல்' என்று பேரெடுத்தவள், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் பிடித்துப் பேசினாள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவளின் வைத்தியச் செலவை யார் பார்த்தது? கொதிநீர் பட்டுக் கை வெந்தவளை ஏன் மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள்? எல்லாம் நியாயமான பேச்சு. ஒருத்தி பின்னால் ஒருத்தியாகச் சேர்ந்தார்கள். கடைசியில் அவள் மட்டும்தான் பாக்கி.

"நீங்க மட்டும் ஏங்க்கா பிடி கொடுக்க மாட்டேங்கறீங்க? மேஸ்திரிக்கு பயமா?"

"அந்த மனுஷனுக்கு யாருடி பயப்படுவா?"

அது உண்மைதான். அவளுடைய பயம் வேறு. சங்கத்தில் சேர்ந்தவள் மேஸ்திரிக்கு எதிர்க்கட்சி. எதிர்க்கட்சிக்காரிக்காக ஒருவர் தினமும் இருமுவாரா? அப்படியே இருமினாலும், அந்தக் கதவைத் தாண்டிப்போக இவளுக்கு முகம் இருக்குமா? இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. காரியக்காரி என்பார்கள். காரியக்காரிதான், வேறென்ன.

வக்கீலுக்கு நல்ல மனசு. அதுதான் வினையாகப் போயிற்று. சேராதவளுக்காகவும் சங்கம் பேசும் என்று காட்டிவிட்டால் அக்கா தானாக வந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறாள். மேனேஜரோடு நடந்த முதல் பேச்சுவார்த்தையில், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் மதியம் ஒரு மணி நேரம் போய்வர அனுமதி வேண்டும் என்று ஒரு கோரிக்கையும் வைத்தாள். அதெல்லாம் நடக்கிற காரியமா என்றார் மேனேஜர்.

"ஏன் சார் நடக்காது? இப்பவே நடந்துட்டுத்தானே இருக்கு. மேஸ்திரி பின்கதவத் தொறந்து விடறாரு, அக்கா போயிட்டு வராங்க. இதனால எந்த வேலை கெட்டுப்போச்சு, சொல்லுங்க பாப்போம்!"

பிரமாதமான வாதம். கூடப் போனவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்களாம். மேனேஜர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை பின்கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். மேஸ்திரியின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. அவரை மடிப்பு மேசைக்கு இறக்கியிருந்தார்கள், அவளுக்கு எதிர்முனையில்.

வக்கீல் கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றாள். "உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதாங்க்கா…"

"தெரியும்."

"விடமாட்டோம். கேட்டு வாங்கிடலாம்க்கா."

"எப்போ?"

வக்கீல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது இவளுக்கு. விட்டிருந்தால் வாங்கிக்கொண்டும் இருப்பாள், பாவி. அதனாலேயே விட முடியவில்லை.

மேஸ்திரிக்கு மடிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அடுக்கைத் தட்டிப் பார்த்து, இது கோணல் அது கோணல் என்று சொன்னவர், முனையோடு முனை சேர்க்கத் தடுமாறினார். அவள் பிரித்து, உதறி, மறுபடி நீட்டினாள். அப்படியே காலை கழிந்தது. மணி ஒன்றாகப்போகும் நேரத்தில் அவருக்கு இருமல் வந்தது. பழக்கதோஷம். இருமிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போய் விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கணவரைக் காலையில் இடதுபக்கமாகச் சாய்த்துவிட்டு வந்தது. இந்நேரம் தோள் மரத்துப்போயிருக்கும், கூப்பிட்டுப் பார்த்திருப்பார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி. "என்னை மாதிரி ஆளையெல்லாம் அந்தச் சங்கத்துல சேத்துக்குவாங்களா?"

"நானே இன்னும் சேரலையே மேஸ்திரி. என்னைப் போய் கேக்கறீங்க."

"உங்களத் தாங்கு தாங்குன்னு தாங்குவாங்க. நான் நேத்துவரைக்கும் விரட்டி வேலை வாங்கினவன்."

அவள் தன் முனைகளை மேசைமேல் போட்டாள். நேராகத் துவைக்கிற பக்கம் போனாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"என்னையும் சேத்துக்கோ."

வக்கீலின் முகம் மலர்ந்தது.

"மேஸ்திரியையும்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. சுற்றி இருந்தவர்கள் கையிலிருந்த வேலையை விட்டார்கள்.

"அவரையா? அவரு அவங்க ஆளுக்கா!"

"ரெண்டு பேருன்னா ரெண்டு பேரு. இல்லன்னா என்னையும் விட்டுடு. பேசி வைங்க, வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"எந்த வழியாக்கா போவீங்க?"

அதைக் கேட்க அவள் அங்கே நிற்கவில்லை. முன்முற்றத்தில் வெயில் காய்ந்தது. மேனேஜரின் ஜன்னல் அதற்கு நேர் மேலே. வேலை நேரத்தில் அந்த முற்றத்தில் லாரிகள் போகும், ஆட்கள் போனதில்லை. முன்கேட்டுக் காவலாளி எழுந்து வந்தான்.

"எங்கம்மா? பாஸ் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வந்து சொல்றேன்."

அவன் மாடியைப் பார்த்து உத்தரவு வாங்குவதற்குள் அவள் கேட்டின் குறுக்குக் கட்டைக்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டாள்.

கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "என்ன இன்னிக்கு இவ்ளோ நேரம்?"

"முன்கேட்டு வழியா வந்தேன். கொஞ்சம் சுத்து."

"அந்த வழியா விடறாங்களா இப்போ?"

அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்துப் புரட்டினாள். விரிப்பின் சுருக்கங்கள் இடது தோளிலிருந்து விலாவரைக்கும் சிவப்புக் கோடுகளாகப் பதிந்திருந்தன. உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். சில கோடுகள் மங்கின. மற்றவை மங்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.