பெட்டி வண்டியிலிருந்து விழுந்த பேச்சு

பல் டாக்டரின் வண்டிக்குள் பேசிய பேச்சு, பேசியவர்கள் வீடு திரும்பி நான்கைந்து நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வண்டி மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டரைத் தாண்டினால் வாயிலிருந்து கிளம்பிய சொல் உள்ளே நிற்க முடியாமல் பின்னால் சாலையில் விழுந்துவிடும். விழுந்த சொல் எழுந்து, வயல்வெளிகளைக் குறுக்கே கடந்து, நடந்தே வீட்டுக்கு வரும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். அவர் அந்த வண்டியை வாங்கிய ஆண்டில்தான் பழைய பாலத்தை இடித்தார்கள், பெட்ரோல் விலை இரண்டு முறை ஏறியது, தெருமுனையில் இருந்த கண்ணாடிக் கடை மூடப்பட்டது.

வண்டி பார்ப்பதற்கு அலமாரியைப் படுக்கவைத்து சக்கரம் மாட்டியது போல இருக்கும். முன்கண்ணாடி சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கதவைச் சாத்தினால் பழைய தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். தெருவில் எல்லோரும் அதைப் பெட்டி என்றே அழைத்தார்கள். அதே பெட்டியில் சாதா மாடல் ஒன்று உண்டு. காடு, மலை, மணல், முழங்கால் தண்ணீர் எல்லாவற்றிலும் நிதானமாக ஏறி இறங்கும். டாக்டர் வாங்கியது வேக மாடல். ஒரே ஆள் தன் கையால் முழுசாகக் கோத்து, மேலே கையெழுத்துப் போட்ட தகடு பதித்த எஞ்சின். புகைக்குழாய்கள் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், கதவுகளுக்குக் கீழே இருந்தன. கிளப்பினால் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் ஊசி டப்பா நகர்ந்து மேசை ஓரத்துக்கு வந்துவிடும். இரண்டரை டன் எடையுள்ள ஒரு சதுரத்தை அந்த வேகத்தில் ஓட்டுவதற்கு என்ன அவசியம் என்று டாக்டரின் மனைவி கேட்டாள். அவசியம் ஒன்றுமில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு பொருளாவது வீட்டில் இருக்கட்டும் என்றார்.

மனைவி ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருந்தாள். அதனால் அவளுக்கு அட்டவணையம்மா என்று பேர். எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை முப்பது வருஷமாக அவள்தான் முடிவு செய்தாள். டாக்டரோ நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு பேசிப் பேசி, பதில் வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கத்தையே விட்டிருந்தார். வீட்டில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பெட்டி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நெடுஞ்சாலையில் போனார்கள். நூற்றெண்பதைத் தாண்டியதும் ஒருவர் உதடு அசைவது மற்றவருக்குத் தெரியும், ஒன்றும் கேட்காது. நேரில் சொல்ல வராததெல்லாம் அங்கே சுலபமாக வந்தது.

முதலில் வண்டியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார்கள். கம்பெனி மெக்கானிக் வந்தார். கதவு ரப்பர்களை விரலால் அழுத்திப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சாதா மாடல்ல இந்தத் தொல்லை கிடையாதும்மா. இந்த மாடல்ல அப்படித்தான் இருக்கும். வேணும்னா நூத்தெழுபதுக்கு மேல போகாம லாக் பண்ணித் தர்றேன்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். "இருக்கட்டும், பழகிக்கிறோம்" என்றாள் அட்டவணையம்மா.

அடுத்து வந்த ஒன்பது வருஷங்கள்தான் அந்த வீட்டின் நல்ல வருஷங்கள் என்று பிற்பாடு தெருக்காரர்கள் சொல்வார்கள். புதன்கிழமை அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில் வாசல் வழியாக அவர் குரல் வந்து, "இந்தப் பக்கமா இருந்து பாத்தா நீ இன்னும் அப்படியேதான் இருக்கே" என்று சொல்லிவிட்டு அடங்கும். எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்று, ஒரு சிரிப்புக் கேட்கும். வெள்ளிக்கிழமை அவர் ஷேவ் செய்யும்போது அவள் குரல் வந்து, அவருடைய தங்கை கல்யாணத்தில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடாததை இருபது வருஷம் கழித்துச் சொல்லும். சண்டைகள் சமாதானமான பிறகு வந்து சேர்ந்தன. அப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ எதிர்வீட்டுக்காரர்கள் போட்ட சண்டை மாதிரி கேட்டு முடிப்பார்கள். அட்டவணையம்மா காலண்டரின் ஓரத்தில் எந்தப் பேச்சு எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று குறித்து வைத்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் தவறியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். பல் மருத்துவம்தான் படித்தாள். பதினாறு வயதிலேயே பெட்டியை அவளிடம் கொடுத்து மணல்மேட்டில் ஏற்றச் சொன்னவர் அப்பாதான். மூன்றாம் வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, துறைமுக நகரத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டப் போவதாக ஒரு சனிக்கிழமை சொன்னாள். டாக்டர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மனைவியோடு நெடுஞ்சாலைக்குப் போய், நூறாவது கிலோமீட்டரில் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். கழுத்து நரம்பு புடைத்ததை அட்டவணையம்மா பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் கோபம் வடிந்துவிட்டது. மகளுக்கு லாரிக்காரர்கள் போடும் கெட்டியான பூட்ஸ் வாங்கி வந்தார், அளவு சரியா என்று கேட்டார். அப்போதுதான் மனைவி, "ஞாயித்துக்கெழமை என்னங்க சொன்னீங்க?" என்றாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். புதன்கிழமை முழுக்க அந்தச் சாலையில் மேலும் கீழும் ஓட்டினார், வண்டியை நிறுத்தி வரப்புகளில் இறங்கிக் காது கொடுத்தார். பேச்சு எந்த வழியாக வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் தேடிய இடத்தையெல்லாம் அது எப்போதோ தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை, மகள் கூடத்தில் உட்கார்ந்து புது பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தபோது அது வாசலுக்கு வந்தது. டாக்டர் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைத் தாண்டி அவருடைய குரல் உள்ளே வந்தது.

"இனிமே அவ என் பொண்ணுன்னு எங்கயும் சொல்லிக்க வேணாம். எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனைச்சுக்கறேன்."

"அது பழசும்மா. அது ஞாயித்துக்கெழமை சொன்னது" என்றார் டாக்டர்.

"சொன்னீங்கல்லப்பா?"

"இப்ப நான் அப்படி நெனைக்கல."

மகள் கயிற்றை முடிச்சுப் போட்டாள். "இப்ப நெனைக்கறது எப்பப்பா வந்து சேரும்?"

பூட்ஸைப் போட்டுக்கொண்டே போனாள். ஆறு வருஷம் வரவில்லை. அம்மாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வாள். அப்பா பக்கத்தில் நின்று, குரலாவது கேட்கட்டும் என்று செய்தித்தாளைச் சத்தமில்லாமல் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் நின்றன. பெட்டி கொட்டகையில் கிடந்தது. மாதம் ஒருமுறை எஞ்சினை மட்டும் கிளப்பி, அதிர்வில் தையல்காரம்மாவின் டப்பா நகரும் வரை விட்டு அணைப்பார்.

ஆறாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பல் அடைக்கும் மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் தனியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நன்றாகச் சாப்பிட்டார். புதன்கிழமை கிளினிக்கில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடித்து, வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை உடல் கூடத்தில் இருந்தது. துறைமுகத்திலிருந்து மகள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலை பத்தரை மணிக்கு வாசலில் டாக்டரின் குரல், "டேய் லாரி, இண்டிகேட்டர் போடாம எங்கடா திரும்புறே!" என்று கத்தியது. துக்கத்துக்கு வந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் மயங்கி விழுந்தார், அவருக்குத் தண்ணீர் தெளித்தார்கள். சற்று நேரத்தில் அதே குரல் தணிந்து, "அப்பா வந்திருக்கேன்" என்றது. பிறகு, "வேணாம். 'நான்தான் பேசறேன்'னு ஆரம்பிக்கலாம்" என்றது.

அட்டவணையம்மா எழுந்து கொட்டகைக்குப் போனாள். கிலோமீட்டர் கணக்கு மூவாயிரத்து எண்ணூறு ஏறியிருந்தது. டேஷ்போர்டில் சுங்கச்சாவடிச் சீட்டுகள் கிடந்தன. கடைசிச் சீட்டு துறைமுக நகரத்துடையது. திரும்பி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னத்தான் பாக்க வந்திருக்கார்."

"வரலியேம்மா. என்கிட்ட யாரும் வரல."

"வந்திருக்கார். ஆயிரத்து தொள்ளாயிரம் கிலோமீட்டர். போகும்போதும் வரும்போதும் பேசியிருக்கார். பக்கத்துல விழுந்ததுதான் இப்ப வருது. உன் ஊர்கிட்ட விழுந்தது வர எழுபத்தாறு நாள் ஆகும்."

மகளுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. அம்மா போனை வாசலில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு போனில் ஏறவில்லை, வெறும் காற்றுதான் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு எதிரே போய்ப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். "உங்கப்பா அப்படித்தான் ஒரு தடவ போனார்" என்றாள் அம்மா. பதினோராம் நாள் லாரிக் கம்பெனிக்காரர் கூப்பிட்டு, நாளைக்கு வராவிட்டால் அவளுடைய லாரியை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஆறு வருஷத்தில் அவள் சொந்தமாகச் சம்பாதித்த ஒரே இடம் அந்த லாரியின் இருக்கை. "கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தூரத்துப் பேச்சு வந்தது. இருநூறாவது கிலோமீட்டரில் அவர் டாக்டர் தோரணையில் ஆரம்பித்தார், நாலு வாக்கியத்தில் குரல் உயர்ந்தது, தன்னைத்தானே திட்டிக்கொண்டு நிறுத்தினார். நானூறில் வேடிக்கையாகப் பேசிப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அறுநூறில் பாட்டுப் பாடினார். சுருதி எங்கோ, பாட்டு எங்கோ. மகள் ஒன்பது வயதில் கேட்ட கேள்விக்கு எழுநூற்றைம்பதாவது கிலோமீட்டரில் பதில் சொன்னார். தையல்காரம்மா மெஷினை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஒரே தட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு கேட்டார்கள். அம்மா கல்யாணத்துக்கு முன் ரயில் ஓட்ட ஆசைப்பட்டு விண்ணப்பம் போட்டதும், உயரம் போதாதென்று திருப்பி அனுப்பியதும் அந்த நாட்களில்தான் மகளுக்குத் தெரிந்தது.

அறுபத்தாறாம் நாள் ஒன்றும் வரவில்லை. அறுபத்தேழு, அறுபத்தெட்டு, எழுபதிலும் வரவில்லை. அங்கே சாலை பழுது பார்க்கிறார்கள், மெதுவாகத்தான் போயிருப்பார் என்றாள் மகள். அந்தச் சாலை அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. அப்பா பேசி முடித்திருக்கலாம் என்று இருவருமே நினைத்தார்கள்.

எழுபத்தாறாம் நாள் பிற்பகல் மூன்றேகாலுக்கு என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். மூன்றேகால் தாண்டியது. மூன்றரை ஆனது. முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் அட்டவணைக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். மூன்று நாற்பதுக்கு வாசல் கதவு லேசாக அசைந்தது.

"ரிவர்ஸ்ல எடுத்தா அவ" என்றது டாக்டரின் குரல். மூச்சு வாங்கியது. "அந்தச் சந்துல. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். பதினாறு சக்கரம். ஒரே தடவ. கண்ணாடிய மட்டும் பாத்து எடுத்துட்டா. எனக்கு இந்தப் பெட்டியவே அப்படி எடுக்க வராது." குரல் படியேறியது. "ஹாரன் அடிச்சிருக்கலாம். அடிச்சா கவனம் சிதறிடுமேன்னு விட்டுட்டேன். வண்டி நின்னதும் அங்க இருந்த பசங்கள்லாம் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, கேட்டிருக்காது."

அதன் பிறகு கைதட்டும் சத்தம் வந்தது. நன்றாக, அழுத்தமாக, இரண்டு கையும் சேர்த்துத் தட்டும் சத்தம். அது வாசலைக் கடந்து கூடத்துக்குள் வந்து, சுவர்களில் பட்டு, வெகுநேரம் நீடித்தது.

"ஸ்டியரிங்க விட்டுட்டாரே இந்த மனுஷன்" என்றாள் அம்மா.

"எந்த ஸ்பீட்லம்மா?" என்றாள் மகள்.

"இரநூறாச்சும் இருக்கும்."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எதிர்வீட்டிலிருந்து பார்த்த தையல்காரம்மாவால் சொல்ல முடியவில்லை. அட்டவணையம்மா எழுந்து வாசலுக்குப் போய், இன்னும் ஏதாவது வருகிறதா என்று தெருமுனை வரை பார்த்தாள். வெயில் மட்டும் இருந்தது. அதற்கப்பால் அவர் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

அடுத்த வாரம் இருவரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். துறைமுகத்தில் வேறொரு கம்பெனி மகளுக்கு லாரி தருவதாகச் சொல்லியிருந்தது, பெட்டியை அவள் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். கிளார்க் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், எஞ்சின் எண்ணைச் சரிபார்த்தார், வேக மாடலா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள்.

"அப்ப அட்ரஸ் யோசிச்சு சொல்லுங்க. பதிவு எந்த அட்ரஸ்ல இருக்கோ அங்கதான் பேச்சு போய்ச் சேரும். உங்க துறைமுக அட்ரஸ் போட்டா, அம்மாவுக்கு ஒண்ணும் வராது."

"நீ பேசுவியா?" என்று அம்மா மகளைக் கேட்டாள்.

"பேசுவேம்மா. ஆனா எழுபத்தாறு நாள் ஆகுமே."

"ஆகட்டும். நான் வீட்டுலதானே இருக்கேன்."

கிளார்க் பழைய முகவரியையே எழுதி, முத்திரை குத்தினார். இரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரை லைசென்ஸ் புதுப்பிக்கவா என்று கேட்டார்.