ரூபினி சொல்லும் வரை

என் மகள் ரூபினி பிறந்த இரண்டாம் நாள் அவளுடைய வலது கை தானாகத் துடித்தது. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பக்கவாதம், பிறந்த குழந்தைக்கும் வரும் என்றார் டாக்டர். ஒரு வயதில் இடது கையை மட்டும் நீட்டினாள். இரண்டு வயதில் ஓடினாள். பேச்சும் படிப்பும் எப்படி என்பது பள்ளிக்குப் போகும்போதுதான் தெரியும் என்றார்கள்.

மருத்துவமனைக்கு அவளை என் மனைவி ஜெகதீஸ்வரிதான் அழைத்துப்போவாள். போன வருடம் டெங்குவில் அவள் இறந்துவிட்டாள். இந்த முறை நான் போனேன்.

ஜனவரியில் ரூபினி பள்ளியில் முதலாம் ஆண்டு சேர வேண்டும். மற்ற பிள்ளைகளோடு உட்காரலாமா, தனி வகுப்பா என்பது இன்றைய சோதனையில் தெரியும். பேச்சுப் பயிற்சியாளர் ஜாஹிர் என்னைவிட இளையவர். அவருடைய அறையில் நீலத் திரைச்சீலை. அதன் வழியே வந்த வெயிலில், நாங்கள் மூவரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பூனை என்றாள். குடை என்றாள். அடுத்தது ஃபெரி, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் படகு. காலையில் எங்கள் ஊர் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கிளம்பி அதில்தான் கடலைத் தாண்டி வந்தோம். அவள் வாய் திறந்தது, சொல் வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன்.

"அண்ணே, நீங்க சொல்லாதீங்க லா. அவ சொல்லட்டும்."

காத்திருந்தோம். வெளியே ஒரு மேகம் கடந்தது. அறை இருண்டு மீண்டும் நீலமானது.

"கடல்ல... நடக்குற வீடு," என்றாள்.

ஜாஹிர் எழுதிக்கொண்டார். வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டார். அம்மா போனதிலிருந்து குறைவாகத்தான் பேசுகிறாள், துக்கம் என்று நினைத்தேன் என்றேன். அந்த அமைதி எனக்கு வசதியாக இருந்ததைச் சொல்லவில்லை.

துக்கமும் இருக்கலாம், ஆனால் சொல்லைத் தேடி எடுக்க அவளுக்கு நேரமாகிறது என்றார். புரிந்துகொள்வதில் குறையில்லை. மற்ற பிள்ளைகளோடு உட்காரலாம், ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும், வாரம் ஒருமுறை இங்கே வர வேண்டும் என்றார்.

"வீட்டுல பேச்சு வேணும்ண்ணே. இல்லாட்டி பின்தங்கிடுவா. யாரு பேசுவா?"

"நான்தான்," என்றேன். ரூபினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மதியம் திரும்பும்போது ஃபெரி நகர்வதே தெரியவில்லை. கரைகள்தான் நகர்ந்தன. என்ன பேசுவதென்று தெரியாமல் கண்ணில் பட்டதைச் சொன்னேன். அது கிரேன். அந்தப் பெட்டியைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். என் குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வருவது போலிருந்தது.

"அப்பா, அம்மா..." நின்றுவிட்டாள்.

அதை முடித்துவைக்க என்னிடம் நாலைந்து வார்த்தைகள் இருந்தன. விழுங்கினேன். வெயிலில் நாங்கள் இறங்க வேண்டிய பட்டர்வொர்த் கரை மெல்ல மெல்லப் பெரிதானது.

"அம்மா இத பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நீ வயித்துல இருந்த. நடுக்கடல்ல ஐஸ் போட்ட செண்டோல் குடிக்கணும்னாங்க. நான் சிரிச்சிட்டேன்."

"அப்புறம்?"

அது மட்டும் உடனே வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். ஃபெரி கரையைத் தொட்டபோதும் முடிந்திருக்கவில்லை.