நடந்து சேரக்கூடிய பெயர்

கடலோர லே நகரத்திலிருந்து மலைநாட்டுக்கு ஏறுகிற பட்டாள லாரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. கணவாயின் கடைசி வளைவு தாண்டியதும் மலைநாட்டு ஆட்கள் ஒவ்வொருவராக நெஞ்சில் கை வைப்பார்கள். ஜெபம் பண்ணுகிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்தவன் நினைத்துக்கொள்வான். அடுத்த நொடி சர்ர் சர்ர் என்று பெயர்ப்பட்டைகளைப் பிய்த்தெடுக்கும் சத்தம் கேட்கும். பிய்த்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடற்கரை ஆட்களும் தீவு ஆட்களும் மட்டும் பெயரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்ன, அவர்களுடைய சொந்தக்காரர்கள் கடலுக்கு அப்பால் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை பிய்க்க முடியவில்லை. பட்டைகளைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

தைக்கச் சொன்னவர் டாய்ல், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பயிற்சிக் குழுவின் வாரண்ட் ஆபீசர். சும்மா சொல்லவில்லை. போன தேர்தலின்போது லாமாலி பள்ளத்தாக்குக்குப் போன ஒரு படை அங்கே வீடுகளைக் கொளுத்திவிட்டு வந்திருந்தது. யார் கொளுத்தியது என்று விசாரிக்கப் போனவர்களிடம், "பச்சைச் சட்டைக்காரங்க" என்பதற்கு மேல் ஜனங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பேரை மறைக்கிறவன் பட்டாளத்தான் இல்லை, கொள்ளைக்காரன் என்றார் டாய்ல். அவர் சொன்னது நியாயம். அநியாயமாக இருந்திருந்தால் எவனாவது எதிர்த்துப் பேசியிருப்பான்.

லான்ஸ் கார்ப்பரல் ஓபேத் கண்டசோ மட்டும் தயங்கித் தயங்கி அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், எனக்கு மட்டும் இது வேண்டாம். இப்பப் போற லாமாலியிலதான் என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்திருக்கு."

"அப்ப நல்லதுதானே. தங்கச்சி ஊர்ல ஒழுங்கா நடந்துக்குவ." டாய்ல் அந்த நாட்டுப் பாஷையை நன்றாகப் பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட.

"நான் ஒழுங்காத்தான் இருப்பேன் சார். ஆனா ஏதாவது ஆச்சுன்னா என்னைத் தேடி வரமாட்டாங்க. என் பேருக்குச் சொந்தக்காரங்க யார் பக்கத்துல இருக்காங்கன்னு பாப்பாங்க. எனக்கு அப்பா அம்மா இல்ல. இருக்கிறது அவ ஒருத்தி. அவ அவங்க கண்ணு முன்னாடியே இருக்கா."

டாய்ல் அவன் தோளில் கை வைத்தார். "நீ சுடுறது உன் குண்டு இல்ல ஓபேத். கவர்மென்ட் குண்டு. இதை அவங்களும் கத்துக்கணும், நீயும் கத்துக்கணும். இந்தா பாரு, என் பேரும்தான் என் நெஞ்சுல இருக்கு."

"உங்க தங்கச்சி இங்க இல்லையே சார்."

டாய்ல் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடம் இதுதான் தொல்லை, அவர்கள்மேல் மனசாரக் கோபப்படக்கூட முடியாது.

லாமாலியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓபேத்தின் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட யாங்கே குலம், அந்தப் பக்கம் மியோகா குலம். நிலத்தகராறில் ஆரம்பித்து, யார் எதற்கு ஆரம்பித்தார்கள் என்பதே மறந்துபோகிற அளவுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலத்தில் ஓபேத்தின் பிரிவு சோதனைச்சாவடி போட்டது. மரத்தடியைக் குறுக்கே வைத்து, மணல்மூட்டை அடுக்கி, டாய்ல் கற்றுக்கொடுத்தபடியே எல்லாம். டாய்ல் வரவில்லை. பயிற்சிக் குழு பாசறையைத் தாண்டக் கூடாது என்று அவர்களுடைய அரசாங்கத்தின் உத்தரவு.

மறுநாளே தங்கச்சி லேயா வந்து நின்றாள். வராதே என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வாரை மாட்டி முதுகில் தொங்கவிட்ட நூல்பை நிறைய சுட்ட சக்கரைவள்ளிக் கிழங்கு.

"என் மாமியார் ஊட்டுப் பன்னிக் கொட்டாயக் கொளுத்தினவங்க மூஞ்சியப் பாக்கலாம்னு வந்தேன்," என்றாள் பிரிவு மொத்தத்துக்கும் கேட்கும்படி. "யாருப்பா அது?"

"அது வேற படை அக்கா," என்றான் பொமத். மானுஸ் தீவுக்காரன், ஓபேத்தின் கூட்டாளி. "நாங்க எல்லாம் பேர் போட்ட நல்லவங்க."

"பேர் போட்டா நல்லவனா? எங்கண்ணன் சின்னதுல கிழங்கு திருடித் தின்னதெல்லாம் பேர் வச்ச பொறவுதான்." ஓபேத்தின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் தச்சிருக்காங்க. போன தடவை இப்படித் தச்சிருந்தா எங்க பன்னிக்கு நஷ்டஈடு கேட்டிருக்கலாம்."

"நீ வீட்டுக்குப் போ லேயா. இங்க வரப் போக இருக்காத."

"உன்னைப் படிக்க வச்சது யாரு? என்னைக் கட்டிக்கப் பரிசமாக் குடுத்த பன்னிங்கதானே? அந்தப் பன்னிங்களைத் தின்னுட்டு, இப்ப என்னையே தொரத்துறியா," என்று கிழங்கை அவன் கையில் திணித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஓபேத்தும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான்.

சம்பவம் சந்தை நாள் காலையில் நடந்தது. பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழும்பிப் பாலத்தை மூடியிருந்தது. மியோகா பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி நிறைய ஆட்களோடு வந்தது. நிறுத்தச் சொல்லி பொமத் கையைத் தூக்கினான், கத்தினான், மறுபடி கத்தினான். வண்டியில் ஒரு பையனிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் டிரைவர் வேகமெடுத்தான். தடுமாறிய பையன் துப்பாக்கியைத் தூக்கினான். பொமத் சுட்டான். கற்றுக்கொடுத்ததில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

வண்டி நின்றது. பையன் ரோட்டில் விழுந்து கிடந்தான். சண்டை நின்ற நொடியிலிருந்து காயம்பட்டவன் எதிரி இல்லை என்பதும் டாய்லின் பாடம்தான். ஓபேத் யோசிக்கவே இல்லை, ஓடினான். அவன் துப்பாக்கியிலிருந்து ஒரு குண்டும் போகவில்லை. மண்டியிட்டு, பையனின் தொடையில் கட்டுப்போட்டு இறுக்கி, முழங்கை வரை ரத்தத்தோடு காயத்தை அழுத்திப் பிடித்தான். "கண்ணத் தொற தம்பி, என்னையப் பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பையனின் அம்மா வண்டியிலிருந்து இறங்கி எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓபேத்தின் நெஞ்சைப் பார்த்தாள். சர்ச்சில் எழுத்துக்கூட்டப் படித்தவள் போலிருக்கிறது. விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தாள். கண்டசோ. அதற்குள் பையன் போய்விட்டான்.

பனிக்குள் நின்ற பொமத்தின் பெயரை யாரும் வாசிக்கவில்லை.

கேப்டன் வந்தார், விசாரித்தார். ஓபேத் சுடவில்லை என்பது அவன் துப்பாக்கியைத் திறந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பொமத் சுட்டது சட்டப்படி சரி. "சட்டப்படி சுட்டதுக்கு நஷ்டஈடு கிடையாது," என்றார் கேப்டன். ஆள் செத்த இடத்தில் அந்தப் பிரிவு இருக்கக் கூடாது, நாளைக் காலையில் கீழே இறங்க வேண்டும் என்றும் உத்தரவு. எல்லாம் முறைப்படி. மலைநாட்டு வழக்கப்படி பன்றி கொடுத்து அடக்கியிருக்க வேண்டிய ரத்தம், சட்டப்படி அப்படியே ரோட்டில் கிடந்தது.

அன்று மத்தியானம் ஓபேத் துப்பாக்கியை வைத்துவிட்டு, லேயாவின் புருஷன் துலாபேயைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போனான். மியோகா பக்கத்திலிருந்து செத்தவனின் பெரியப்பா யாக்கலே வந்தார். துக்கத்துக்கு உடம்பெல்லாம் களிமண் பூசியிருந்தார்.

"பெரியவரே, நான் சுடல. கட்டுப்போடத்தான் வந்தேன்," என்றான் ஓபேத்.

"சுடாதவன் எதுக்கு ஓடி வந்து தொடணும்?"

"அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"சரி. நீ இல்லன்னே வச்சிக்குவோம். யாரு?"

ஓபேத் திரும்பிப் பார்த்தான். மணல்மூட்டைக்குப் பின்னால் பொமத் குந்தியிருந்து டீத்தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஓபேத்துக்கும் சேர்த்துத்தான் வைத்திருப்பான். ஒரே தட்டில் தின்ற கூட்டாளி. துலாபே தரையைப் பார்த்தபடி, "சொல்லிடுங்க மச்சான்," என்றான் மெதுவாக.

சொன்னான். நாக்கு கூசக் கூசச் சொன்னான். "பொமத். மானுஸ்காரன்."

யாக்கலே அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "மானுஸ் எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"ரோடு போகுதா?"

"இல்ல. கப்பல்ல போகணும்."

"தம்பி," என்றார் யாக்கலே. குரலில் கோபமே இல்லை. "செத்தது என் தம்பி மகன். இதை நாங்க எங்கயாவது கொண்டுபோய் இறக்கி வைக்கணும். கப்பலுக்கு நாங்க எங்க போவோம்? நடந்து போய்ச் சேரக்கூடிய பேராத்தான் எங்களுக்கு வேணும்." ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாங்கே வீடுகளில் எழும்பிய புகையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

கூட்டாளியையும் காட்டிக்கொடுத்தாயிற்று, காரியமும் ஆகவில்லை.

மறுநாள் காலை லாரி புறப்பட நின்றபோது தங்கச்சியையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஓபேத் கேப்டனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். வெளியாட்களை ஏற்றக் கூடாது என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பின்னால தார்ப்பாய்க்குள்ள உட்காரச் சொல்லு, நான் பாக்கல," என்றார். லேயாதான் ஏறவில்லை.

"நான் வந்துட்டா என் புள்ளைங்க?"

"புள்ளைங்களையும் கூட்டிட்டு வா."

"புள்ளைங்க யாங்கே புள்ளைங்க. உனக்குத் தெரியாதா? விடமாட்டாங்க. விட்டாலும், நான் போனதுக்குப் பதிலா மியோகாக்காரன் எங்க ஊட்டுக்காரரு தம்பியத் தேடுவான். உன் வெனைய அவங்க தலையில கட்டிட்டு நான் ஓடுறதா?"

"லேயா, உன் காலத் தொட்டுக் கேக்குறேன்."

"தொடு. நல்லாத் தொடு. உயிரோட இருக்கறப்பவே தொட்டுக்க." சிரித்தாள். பிறகு அவளுக்கே அது பொறுக்கவில்லை. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து, கிழங்கு சீவுகிற கத்தியால் பெயர்ப்பட்டையின் தையலை அறுக்க ஆரம்பித்தாள். இழுத்த வேகத்தில் சட்டையும் சேர்ந்து கிழிந்தது. பட்டையை எடுத்து நூல்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் அவங்ககிட்ட போயி அழுது பாக்குறேன். பெத்தவகிட்ட நேராப் போறேன். பொம்பளைக்குப் பொம்பளை கேப்பா. இது இங்கயே இருக்கட்டும், நீ போண்ணே."

லாரி வளைவில் திரும்பி மறைகிற வரை ரோட்டில் நின்றாள்.

துலாபேயின் போன் வந்தபோது ஓபேத் பாசறைச் சமையல் கூடத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தான். லேயாவைக் கிழங்குத் தோட்டத்தில் வைத்து முடித்திருந்தார்கள். யாரும் ஒளியவில்லை, மறைக்கவில்லை. மியோகாவிலிருந்து ஆள் வந்து, எங்களுக்கும் கண்டசோவுக்கும் தீர்ந்தது, யாங்கேயோடு இதில் ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். அவள் நூல்பையில் அந்தப் பட்டை இருந்தது, அதையும் கூடவே புதைத்துவிட்டோம் மச்சான் என்றான் துலாபே. ஓபேத் தட்டோடு தரையில் உட்கார்ந்து, ஊரில் பெண்கள் ஒப்பாரி வைப்பதுபோல வாய்விட்டு அழுதான். வரிசையில் நின்றவர்களில் ஒருவனும் சாப்பாடு வாங்கவில்லை.

பொமத் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் உட்கார வைத்தான்.

"நான் அவங்ககிட்ட உன் பேரைச் சொன்னேண்டா," என்றான் ஓபேத்.

"தெரியும். துலாபே சொன்னான்."

"காட்டிக் குடுத்துட்டேன் உன்னை."

"இன்னும் நாலு தடவை சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா, மலைக்காரா," என்று பொமத்தும் அழுதான். தன் சட்டையிலிருந்து பெயர்ப்பட்டையை அறுத்து எடுத்து அவன் கையில் வைத்தான். "இனி மலைக்குப் போறப்பல்லாம் இதை வச்சுக்க. இதுக்கு ரோடு கிடையாது."

ஓபேத் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. வேறு பள்ளத்தாக்கு, வேறு இரண்டு குலங்கள். டாய்ல் ஓபேத்தைத் தேடிக்கொண்டு அவன் இருந்த கூடத்துக்கே வந்தார். கொஞ்ச நாளாகவே அவர் முகம் சரியில்லை. எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மேல எழுதிப் போட்டேன். உனக்கு மட்டும் பேர் வேண்டாம்னு ஒத்துக்கிட்டாங்க," என்றார். "நீ போகவே வேண்டாம்னாலும் சொல்லு. நான் பாத்துக்கிறேன். அன்னைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும், ஓபேத்."

"பரவால்ல சார். புதுப் பட்டை வந்திருக்கா?"

டாய்ல் தயங்கி, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓபேத் ஊசியில் நூல் கோத்தான். தையற்காரனிடம் கொடுக்கவில்லை. இரட்டை நூலில், நெருக்க நெருக்கமாக, நாலு பக்கமும் தானே தைத்தான்.

"உன்னைக் கட்டாயப்படுத்தல நான்," என்றார் டாய்ல்.

"தெரியும் சார். இந்தப் பேருக்கு இனி எந்தப் பள்ளத்தாக்குலயும் ஆள் இல்ல. நீங்க சொன்ன மாதிரி கவர்மென்ட் குண்டு இப்ப என்கிட்ட இருக்கு." பல்லால் நூலைக் கடித்து அறுத்தான். "இனிமே நானும் சுடலாம்."

டாய்ல் தொப்பியைத் தலையில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே வெளியே போனார்.

லாரி கணவாய் ஏறியது. பட்டாளத்தான் சும்மா இருப்பானா, தையற்காரனுக்குப் பாக்கு வாங்கிக் கொடுத்து மலைநாட்டு ஆட்கள் எல்லோரும் ஒற்றை நூலில் ஒப்புக்குத் தைத்து வைத்திருந்தார்கள். கடைசி வளைவு தாண்டியதும் கைகள் நெஞ்சுக்குப் போயின, நூல்கள் அறுந்தன. ஓபேத் தீவு ஆட்களோடு பெயரோடு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.